வலைக்கு அந்தப் பக்கம் சம்பந்தி

ஐம்பத்தாறு வயதில் நான் மறுபடியும் கரப்பந்து ஆட இறங்கியதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. புசல்லாவைப் பக்கம் நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில், கோயில் திருவிழாவை ஒட்டி ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு ஒரு ஆட்டம் வைக்கிறார்களாம். மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் போட்டி. எங்கள் மேற்பிரிவின் பழைய அணித்தலைவர்தான் அழைத்தார். "நீ இல்லாம நாங்க யாரை வச்சி அடிக்கிறது, வாப்பா" என்றார். ஒரு காலத்தில் நான் வலைக்கு மேலே எம்பி அடித்த பந்தைத் தடுக்க அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான். வேறு யாரும் சொல்வதில்லை என்பதால் சொல்கிறேன்.

இப்போது வீடு அம்பிட்டியவில். வேலை கண்டி டவுனில் ஒரு டயர் கடையில். இருபது வருடமாகக் கதிரையை விட்டு எழும்பாத உத்தியோகம். வயிறு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே முன்னுக்கு வந்துவிட்டது. மூன்று மாதம் இருக்கிறதே, உடம்பை இறக்கிவிடலாம் என்று காலையில் ஏற்றத்தில் ஓடத் தொடங்கினேன். முதல் நாளே ஒரு முச்சக்கரவண்டிக்காரர் பக்கத்தில் மெதுவாக வந்து, "பஸ்ஸ விட்டுட்டீங்களா ஐயா, ஏறுங்க" என்றார். இரண்டாம் நாள் அதே ஆள் என் மூச்சைக் கேட்டுவிட்டு, "ஆஸ்பத்திரிக்கா?" என்றார். மூன்றாம் நாள் பேசாமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பிறகு பாதையை மாற்றிக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் மகள் விஷயம் வந்தது. அவள் ஆசிரியை. கூடப் படிப்பிக்கிற ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். பையனைப் பார்த்தோம். தங்கமான பிள்ளை. எனக்கும் மனைவிக்கும் முழுச் சம்மதம். அப்பா யார் என்று கேட்டபோதுதான் எனக்கு வியர்த்தது. கீழ்ப்பிரிவு அணியில் வலையோரம் நின்று பந்து தடுத்தவர். தொழிற்சாலையில் தேயிலைத் தூள் தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் நாங்கள் எதிரெதிராக ஆடிய அத்தனை ஆட்டத்திலும் என் பந்து ஒன்றைக்கூட அவர் தடுத்ததில்லை. ஒருமுறை நான் அடித்ததில் அவர் உதடு கிழிந்தது. அதற்கு மன்னிப்புக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. சிரித்ததாகத்தான் ஞாபகம்.

பேசி முடிக்கலாம் என்று அவர் வீட்டுக்குப் போனோம். தேத்தண்ணி கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டார். "கோயில்ல காப்பு கட்டியாச்சு. திருவிழா முடியட்டும், சொல்றேன்" என்றார். அதில் தப்புச் சொல்ல முடியாது. காப்பு கட்டினால் அவிழ்க்கும்வரை எங்கள் ஆட்கள் கல்யாணப் பேச்சை முடிக்க மாட்டார்கள். ஆனால் வாசல்வரை வந்தவர் என் முழங்காலையே பார்த்துக்கொண்டு, "நீங்களும் ஆடுறீங்களாமே" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். "நானும்" என்று சொல்லிவிட்டுக் கேற்றைச் சாத்தினார்.

திரும்பும் பஸ்ஸில் மனைவி சட்டம் போட்டாள். "அந்த மனுசன் மூஞ்சிப் பக்கம் பந்து போகக் கூடாது. அவரு கைக்குத் தோதா மெதுவா போடுங்க. ஒங்க வீராப்பு எல்லாம் டயர் கடையில வச்சிக்கங்க." மகள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அவர் வேண்டாம் என்று சொன்னால் பையன் அப்பாவை மீறி வரமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். கண்ணைத் துடைக்கிறாள் என்பது எனக்கும் தெரிந்தது.

ஆட்டத்தன்று பின்னேரம் மைதானத்தைச் சுற்றி முழுத் தோட்டமும் நின்றது. பன்னிரண்டு கிழவர்கள் காற்சட்டையோடு இறங்கியதும் ஒரு சிரிப்பு எழுந்தது பாருங்கள், அது அடங்கவே ஐந்து நிமிடம் ஆனது. எங்கள் அணித்தலைவருக்குக் கண் ஒப்பரேஷன் முடிந்து ஒரு மாதம். பந்தைத் தூக்கிக் கொடுக்கவேண்டியவர் அவர்தான். வலைக்கு அந்தப் பக்கம் எனக்கு நேர் எதிரே, இரண்டு முழங்காலிலும் பட்டி கட்டிக்கொண்டு, என் வருங்காலச் சம்பந்தி.

பெண்ணைக் கொடுக்கிறவன் மாப்பிள்ளை வீட்டாரிடம் பணிந்து போகவேண்டும் என்பது எங்களிடம் ஊறிப்போன வழக்கம். நானும் பணிந்தேன். உயரமாக வந்த பந்தையெல்லாம் பூனைக்குட்டியைத் தடவுவதுபோல் தட்டி, அவர் கையிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஒருமுறை பணிவு மீறிப்போய், "மன்னிக்கணும்ங்க" என்றும் சொல்லிவிட்டேன். முதல் சுற்றில் பதினைந்துக்கு நான்கு என்று தோற்றோம். "என்னடா, பந்துக்கு நோவும்னு பாக்குறியா?" என்று அணித்தலைவர் கத்தினார். மனைவி மட்டும் ஓரத்தில் நின்று திருப்தியாகத் தலையாட்டினாள்.

பக்கம் மாறும்போது வருங்காலச் சம்பந்தி என் தோளோடு தோள் உரசி நின்றார். குரலை உயர்த்தவில்லை. "ஒங்க பந்தைத் தடுக்கணும்னு மூணு மாசமா மலை ஏறி எறங்குறேன். வீட்ல என்னயப் பைத்தியம்னு சொல்றாங்க. நீங்க என்னடான்னா பிச்சை போடுறீங்க. ஒழுங்கா அடிங்க. இல்லாட்டி எங்க வீட்டுப் பக்கம் வந்துறாதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. மரியாதை என்று நினைத்து நான் செய்ததெல்லாம் அந்த மனிதருக்கு அவமானமாகப் போயிருக்கிறது. கூடவே, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வாயெல்லாம் பல். அடிக்கச் சொல்லிவிட்டாரே. இரண்டாவது சுற்றில் அடித்தேன். மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். எதிரே அவர் எம்பி எம்பிப் பார்த்தார், ஒன்றும் சிக்கவில்லை. அந்தச் சுற்று எங்களுக்கு.

மூன்றாவது சுற்றில் பாதியிலேயே என் தொடை இழுத்துப் பிடித்துக்கொண்டது. அதை யாருக்கும் காட்டவில்லை. பதினான்குக்குப் பதின்மூன்று என்று கீழ்ப்பிரிவு முன்னால் நின்றது. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் அவர்களுக்கு. எங்கள் அணித்தலைவர், அவருக்குத் தெரிந்த இரண்டு பந்துகளில் சரியானதைத் தொட்டிருக்கவேண்டும், ஆட்டத்திலேயே அழகான பந்தை எனக்குத் தூக்கிக் கொடுத்தார். நான் எம்பினேன். மகள், கல்யாணம், காப்பு எதுவும் மனதில் இல்லை. இந்த ஆளைத் தாண்டி அடிக்கவேண்டும் என்ற வெறி மட்டும்தான் இருந்தது. உடம்பில் இருந்ததையெல்லாம் திரட்டி அடித்தேன்.

பந்து அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் பட்டு, என் காலடியில் வந்து விழுந்தது.

கல்யாணப் பேச்சு நடப்பது தோட்டம் முழுக்கத் தெரியும். ஆட்டத்தை வர்ணித்துக்கொண்டிருந்த ஒலிபெருக்கிக்காரர் குரல் தழுதழுக்க ஆரம்பித்தார். "மகளின் வாழ்வுக்காக வெற்றியையே விட்டுக்கொடுத்த தந்தை." கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. மனைவி இருபத்தெட்டு வருடத்தில் பார்க்காத பார்வை ஒன்று பார்த்தாள். சும்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தால் போதும், சாகும்வரை தியாகி. எனக்கு அந்த ஆசை வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஆனால் வலைக்கு அந்தப் பக்கம் நின்றவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். சிவந்த கைகளைத் தொங்கப்போட்டு நின்றார். "கடைசியில இதையும் பிச்சையா போட்டுட்டீங்களே" என்று சொல்லிவிட்டுக் காலை இழுத்து இழுத்துப் போகத் தொடங்கினார். அவர் பின்னாலேயே பையனும் போனான். மகள் என்னைப் பார்த்தாள்.

நொண்டிக்கொண்டே போய் ஒலிபெருக்கிக்காரரின் மைக்கைப் பிடுங்கினேன். "நான் ஒன்னும் விட்டுக் குடுக்கல. எனக்கு இருந்த பலம் அவ்வளவுதான். அவரு தடுத்துட்டாரு, நான் தோத்துட்டேன்" என்றேன். ஒலிபெருக்கிக்காரர் மைக்கைத் திரும்ப வாங்கி, "என்ன ஒரு பெரிய மனசு பாருங்க" என்றார். கைதட்டல் இரண்டு மடங்கானது. அட, இவனுக்கு எப்படித்தான் புரியவைப்பது.

ஓடிப்போய், அதாவது ஓடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு போய், பையனின் அப்பாவை மறித்தேன். "என் மக மேல சத்தியமா என் முழுப் பலத்தோட அடிச்சேங்க. இப்பகூட ஒங்க மேல எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு" என்றேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். அந்த வயிற்றெரிச்சல் முகத்தில் தெரிந்திருக்கவேண்டும். அவர் கண் மெல்லக் கலங்கியது. "தொடை புடிச்சிருக்கு போல. ஒத்தடம் குடுங்க" என்றார். பிறகு, "காப்பு அவுத்த மறுநாள் வீட்டுக்கு வாங்க, சம்பந்தி."

கல்யாணம் முடிந்து இப்போது பேரப்பிள்ளையும் வந்துவிட்டது. அன்றைக்கு நான் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தேன் என்றுதான் மனைவி இன்றும் நினைக்கிறாள், மகளும் நினைக்கிறாள், தோட்டமே நினைக்கிறது. மறுக்க மறுக்க என் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. நான் தோற்றேன் என்பதை நம்புகிற ஒரே ஆள் என் சம்பந்திதான்.