பீற்றிஸ் ரீச்சரின் தண்ணீர்ப் படம்

பீற்றிஸ் ரீச்சர் பத்தொன்பது வருடம் சித்திரம் படிப்பித்தாள். அத்தனை காலத்தில் தனக்கென்று அவள் செய்தது ஒரேயொரு படம். யாராவது அதைப் புகழ்ந்தால் பேச்சை மாற்றிவிடுவாள். அடக்கம் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

வாவிக்கரை ஒழுங்கையில், தகப்பன் விட்டுப்போன இரண்டறை வீட்டில் அவள் தனியாக இருந்தாள். யுத்தம் நடந்த தொண்ணூற்றொன்றில் கடைகளில் வர்ணப்பெட்டி இல்லை. சோதனைச் சாவடிகளைத் தாண்டி அரிசி வந்து சேர்ந்ததே பெரிய காரியம். பள்ளிக்கூடத்தில் அவள் கிடைத்ததைக் கலந்து சமாளித்தாள். தேயிலைச் சாயம், விளக்குக் கரி, செங்கல் தூள். போகப்போக நிறத்தில் இருந்த ஆசை குறைந்து, தொட்டால் கைக்குத் தட்டுப்படும் மேற்பரப்பில் ஆசை விழுந்தது. கஞ்சிப் பசையில் உமியைத் தூவினால் அரிவு வெட்டிய வயலின் சொரசொரப்பு வந்தது. சேற்றைத் தடிப்பாகப் பூசி வெயிலில் வைத்தால் கோடையில் வெடித்த குளத்தின் அடி. இடித்த நண்டு ஓட்டைச் சுண்ணாம்பில் குழைத்தால் பழைய சுவரின் பொருக்கு. தும்புத்தூள் மரப்பட்டையாயிற்று.

தண்ணீர்தான் வரவில்லை. சீப்பால் இழுத்துப் பார்த்தாள், வாழைநாரால் இழுத்துப் பார்த்தாள். உழுத வயல் மாதிரி இருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருபது அடியில், கடலோடு கலக்கும் வாவி கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கோபம்கூட வந்தது.

அந்த வருடம் ஆவணியில், ஆசிரியர்களின் படங்களை வைத்து நகர மண்டபத்தில் ஒரு கண்காட்சி நடத்தப்போவதாகக் கல்விக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. அதே நேரம் வாவியில் மீன்பிடித் தொழிலுக்கு இராணுவத் தடை. கரையோரக் காவலரண் ஒன்றுக்கு யாரோ சுட்டுவிட்டுப் போனதிலிருந்து ஆறு கிழமையாக ஒரு தோணிகூட இறங்கவில்லை. பக்கத்து வீட்டு அழகரத்தினத்தின் வீச்சு வலை வேலியில் தொங்கியது. ஒரு காலை வெயில் அதனூடாக விழுந்து மண்ணில் அசைந்தபோது, தனக்கு வேண்டியது அதுதான் என்று பீற்றிஸுக்குத் தெரிந்துவிட்டது.

அழகரத்தினத்தின் பெண்சாதி இலட்சுமிப்பிள்ளையிடம் போய்க் கேட்டாள்.

"ஒரு நாளைக்கு வலையத் தாறீங்களா? பசையில ஒருக்கா அழுத்திப் பாக்கோணும்."

"கொண்டு போங்க ரீச்சர். ஆத்தில போடேலாத வலைய எங்க போட்டா என்ன?" வாவியை அங்கே ஆறு என்றுதான் சொல்வார்கள். "மீன் பட்டா எனக்கும் ரெண்டு தாங்க."

சனிக்கிழமை, ஒட்டுப்பலகை ஒன்றில் சுண்ணாம்பையும் சேற்றையும் தச்சரின் வெள்ளைப் பசையையும் கலந்து பூசினாள். வலையை மடிப்பு மடிப்பாக அதன்மேல் விரித்து உள்ளங்கையால் அழுத்தினாள். ஈயக் குண்டுகள் விளிம்புக்கு வெளியே தொங்கின. அரை மணித்தியாலம் கழித்து ஒரு மூலையைத் தூக்கினாள். வலை போன இடத்தில் வெறும் குழிகள். திரும்ப வைத்தாள். நைலோன் இழை ஜன்னல் வெளிச்சத்தில் மினுங்க, மடிப்புகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போயின. தண்ணீர்.

அவள் வலையை எடுக்கவில்லை. எடுக்க நேரம் இருந்தது, இன்னும் ஈரம் காயவில்லை. மேலே இன்னொரு கை பசை ஊற்றினாள். ஞாயிறு காலை அது கல்லாகிவிட்டது. புது வலை வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். அப்போது எந்தக் கடையிலும் வலை இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை மீனவர் சங்கத் தலைவர் கோணாமலை வந்தார். ஒழுங்கையில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் எழுதிக் கொடுப்பது அவள்தான்.

"ரீச்சர், காம்ப் பெரியவனுக்கு ஒரு கடிதம் வேணும், இங்கிலீசில. காலையில மட்டுமெண்டாலும் தொழிலுக்கு விடச் சொல்லி. அழுதாப்போல இரிக்கோணும், ஆனா அழவும் கூடாது."

"அது கஷ்டமான இங்கிலீசு."

"அதுக்குத்தானே உங்களிட்ட வந்த."

அவர் போய் ஒரு மணித்தியாலத்தில் கடிதத்தை எழுதி முடித்தாள். நல்ல கடிதம். வாசித்துப் பார்த்தபோதுதான் அது வேலை செய்துவிடும் என்ற பயம் வந்தது. தடை நீங்கினால் அடுத்த நாளே அழகரத்தினம் வலைக்கு வருவான். கண்காட்சி சனிக்கிழமை தொடங்குகிறது. கடிதத்தை மேசை விரிப்புக்குக் கீழே வைத்தாள். பலகையைப் படுக்கை விரிப்பால் மூடினாள்.

புதன்கிழமை கோணாமலை ஒழுங்கையில் நின்று கேட்டார். பரீட்சைத்தாள் திருத்த இருக்கிறது, கடிதம் பாதியில் நிற்கிறது என்றாள்.

"அவசரப்படாதீங்க. பிழையான இங்கிலீசு போனா நம்மளத்தான் பிடிச்சு வைப்பானுகள்" என்றார் அவர்.

வியாழக்கிழமை அழகரத்தினம் பொறுக்கமாட்டாமல் விடிய வெள்ளனக் கரையோரக் கண்ணா மரப் பற்றைக்குள் இறங்கி வெறுங்கையால் நண்டு தடவினான். பிடிபட்டான். சாவடி முன்னால் நடுவெயிலில் மத்தியானம் தாண்டும்வரை முழங்காலில் நிற்கவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பீற்றிஸ் அவனை அங்கே கண்டாள். அவன் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான், கோயிலில் கண்டால் ஆட்டுவது போல. அவள் குடையைச் சரித்துக்கொண்டு கடந்துபோனாள்.

பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கம் அவன் பேசுவது கேட்டது.

"நண்டையும் வெச்சுக்கிட்டானுகள் கா. நாலும் பெட்டை நண்டு. என்ட முழங்கால் தோல வெச்சுத்தான் இண்டைக்குக் கறி."

இலட்சுமிப்பிள்ளை சிரித்தாள். பிறகு மூக்கைச் சிந்தும் சத்தம்.

பீற்றிஸ் மேசையருகே வந்து நின்றாள். விரிப்பின் ஓரத்தைத் தூக்கினாள். தாள் அங்கேயே இருந்தது. கோணாமலையின் வீடு ஆறு வீடு தள்ளி. அவள் விரிப்பை விட்டுவிட்டு உலை வைக்கப் போனாள்.

வெள்ளி மாலை கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். காம்பில் ஒரு முடிவெடுக்க எப்படியும் ஒரு கிழமையாகும் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஆகவில்லை. சனிக்கிழமை காலை அந்த அதிகாரி கடிதத்தை ஒரு தரம் வாசித்து, யார் எழுதியது என்று கேட்டு, அங்கேயே கையெழுத்து வைத்தார். ஆறு மணி முதல் பன்னிரண்டு மணிவரை, அடையாள அட்டையோடு. ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்துக்கொண்டு போனபோது, பீற்றிஸ் நகர மண்டபத்தில் தன் படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். இதை எப்படிச் செய்தீர்கள் என்று ஒரு பெரியவர் கேட்டார். கலவைதான் சேர் என்றாள்.

ஒழுங்கைக்கு வந்ததும் அழகரத்தினத்திடம் போய் வலையைப் பற்றிச் சொல்லிவிட்டாள். கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அவன் வலை தொங்கிய வேலியைப் பார்த்தான்.

"அப்ப என்ட வலை இப்ப நகர மண்டபத்தில?"

"ஓம்."

"நான் இன்னும் அதுக்குள்ள போனதில்ல. வலைக்கு இரிக்கிற யோகத்தப் பாருங்களன்."

திங்கட்கிழமை பின்னேரம் சேர்ட் போட்டுக்கொண்டு பார்க்கப் போனான். நெடுநேரம் நின்றான். "கச்சான் காத்துக்குத் தண்ணி இப்பிடித்தான் போகும்" என்றான் வெளியே வந்து. கோணாமலையின் வலையில் பங்குக்குப் போவதாகச் சொன்னான். "வலை போனாப் போகட்டும் ரீச்சர். உங்கட கடிதம் இல்லாட்டி வலைய வெச்சு என்ன செய்யிற?"

அடுத்த நாள் இலட்சுமிப்பிள்ளை புருசனின் பங்குக்குக் கிடைத்த முதல் மீனைச் சோற்றுக் கோப்பையில் கொண்டுவந்தாள். நல்ல கொழுத்த மணலை மீன்.

"கடிதத்துக்கு. கோணாமலையண்ணன் பெரிய மீனாப் பாத்துக் குடுக்கச் சொன்னவர்."

பீற்றிஸ் கோப்பையை வாங்கவில்லை.

"கடிதத்தத் திங்கட்கிழமையே எழுதிற்றன் பிள்ள."

"எந்தத் திங்கள்?"

"அவர் கேட்ட அண்டைக்கே. படம் காட்டுற நாள் வருமட்டும் குடுக்காம வெச்சிருந்தன். வலை இல்லையெண்டு தெரிஞ்சிருமெண்டு."

இலட்சுமிப்பிள்ளை கோப்பையை மேசையில் வைத்தாள். அவள் உதடு அசைந்தது. நாட்களை எண்ணுகிறாள் என்று பீற்றிஸுக்குத் தெரிந்தது.

"வியாழக்கிழமைதானே அவர முழங்காலில விட்டது."

"ஓம்."

"நீங்க அதால போனதாச் சொன்னாரு. ரீச்சருக்கும் கவலையாப் போயிற்று, முகத்தத் திருப்பிக்கிட்டுப் போனாவெண்டு."

பீற்றிஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடிக்கட்டும், ஏசட்டும், ஒழுங்கைக்குக் கேட்கக் கத்தட்டும் என்று காத்திருந்தாள். இலட்சுமிப்பிள்ளை சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள்.

"இத அவரிட்டச் சொல்லிராதீங்க. உங்கட கடிதத்தாலதான் ஆறு துறந்ததெண்டு ஊரெல்லாம் சொல்லிற்றுத் திரியிறாரு. அந்தாளுக்குப் பெருமைப்பட வேறென்ன இரிக்கு?"

வாசலில் நின்று ஒரு தரம் திரும்பினாள்.

"மீன வெச்சிராதீங்க. நாறிப்போகும்."

அதற்குப் பிறகு இலட்சுமிப்பிள்ளை அந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஒழுங்கையில் கண்டால் சிரிப்பாள், ரீச்சர் என்று மரியாதையாகக் கூப்பிடுவாள், நிற்கமாட்டாள். பீற்றிஸ் வேறு படம் செய்யவில்லை. மனு என்று யார் வந்தாலும் அவர்களை இருத்திவைத்து, அங்கேயே எழுதிக் கையில் கொடுத்தனுப்பினாள். பெரிய மனசு என்று அதையும் ஊர் சொன்னது.

ஒவ்வொரு தடைக்குப் பிறகும், தொழில் தொடங்கும் நாளில், அழகரத்தினம் தானே மீன் கொண்டுவந்தான். இரண்டாயிரத்து ஏழில் அவன் கண் மங்கிக் கரையில் இருந்துவிடும்வரை அது நடந்தது. வாசலில் நின்று, அந்தக் கடிதத்தைப் போல ஒரு கடிதம் இனி யாரும் எழுதமாட்டார்கள் என்று ஒரு தரம் சொல்லிவிட்டுத்தான் போவான். அவள் ஓம் என்பாள். மீனை வாங்கிக் கழுவி, உப்பும் மஞ்சளும் தடவி, பொரித்துத் தின்பாள்.