மீன் உதட்டில் மஞ்சள்

ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் இருந்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் ரயில் நேர அட்டவணையும் விசாக் கடிதங்களும்தான். கோப்பை கழுவினேன், பெற்றோல் நிலையத்தில் நின்றேன், இறைச்சித் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். இப்போது குட்மேய்ஸில் ஒரு மொத்தக் கடைக்கு வான் ஓட்டுகிறேன். எந்த வேலையிலும் மூன்று வருடம் தாண்டினால் எனக்குக் கால் நிற்காது. அப்படிப்பட்டவனை எட்டு மணிநேரம் ஒரே கதிரையில் இருத்திவைத்தது எசெக்ஸ் பக்கத்து ஏரி ஒன்று.

ஒருமுறை கிராமத்துக் கடையொன்றுக்குச் சாமான் கொண்டுபோகும்போது வழி தவறித்தான் அதைக் கண்டேன். முன்னொரு காலம் சரளைக்கல் தோண்டிய கிடங்கு. சுற்றிவர அலரிச் செடிகள் மாதிரித் தூரத்தில் தெரிந்து, கிட்டப் போனால் வேறேதோவாக இருக்கும் மரங்கள். கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் தூண்டிலைப் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். வானை நிறுத்திவிட்டு அரை மணிநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று எல்லாக் கடைக்கும் பிந்தித்தான் போனேன்.

அது ஒரு சின்னச் சங்கத்தின் ஏரி. பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான் இரண்டு வருடம் காத்திருந்தேன். விசாவைத் தவிர வேறெதற்கும் அவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை. முதல் கோடைக்குத் தற்காலிக அட்டை தருவார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரர் கோடை முடிய ஓம் என்றால்தான் நிரந்தர அட்டை. வாசலில் ஒரு பலகை. அதில் முதல் சட்டம், பிடித்த மீனை அங்கேயே விட வேண்டும் என்பது.

இந்தச் சட்டம் என்னோடு வரும் அண்ணைக்குப் பிடிபடவே இல்லை. அவர் பாரிஸில் இருபது வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து பலசரக்குக் கடை போட்டவர். சொந்தமில்லை, பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுப் பையோடு வந்து பக்கத்துக் கதிரையில் இருப்பார்.

“பிடிக்கிறாய், படம் எடுக்கிறாய், விடுறாய். இதுக்கு ஏனடா இவ்வளவு தூரம் பெற்றோல் எரிச்சு வாறாய்?”

“மீன் கடையில வாங்கலாம் அண்ணை. இப்பிடி இருக்கிறதுக்கு இடம் கடையில இல்லை.”

“இருக்கிறதெண்டா என்ர கடையில வந்து இரன். கல்லாவுக்கு ஆள் இல்லை.”

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிறு. வேலிக்கு அப்பால் இருக்கும் பெரிய நீர்த்தேக்கத்தில் பாய்ப்படகுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு திரிந்தன. மத்தியானத்துக்குக் கிட்ட என் தூண்டில் வளைந்தது. கால் மணிநேரம் இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தால், பெரிய பலாப்பழம் அளவில் ஒரு கார்ப் மீன். முதுகில் மட்டும் ஒரு வரிசை பெரிய செதில், மற்றப்படி வழவழவென்று இருந்தது. நனைத்த மெத்தையில் கிடத்திக் கொக்கியைக் கழற்றினேன். கீழ் உதடு கொஞ்சம் கிழிந்து இரத்தம் வந்தது.

என் பையில் எப்போதும் ஒரு சின்னப் போத்தலில் மஞ்சள்தூள் இருக்கும். எல்லை தாண்டி வந்த காலத்தில் ஒரு காட்டுக்குள் நான்கு நாள் நடந்தோம். என் குதிக்கால் பிளந்துவிட்டது. கூட வந்த ஒருவர் மஞ்சளை அப்பிச் சேட்டுத்துணியால் கட்டிவிட்டார். நடந்தேன், வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து அந்தப் போத்தல் இல்லாமல் வெளியே போவதில்லை. யோசிக்காமல் ஒரு சிட்டிகை எடுத்து மீனின் உதட்டில் வைத்து அழுத்தினேன்.

பக்கத்தில் அண்ணை, தகர ரின்னில் அடைத்து விற்கும் மீனில் சம்பல் போட வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். பலகையில் பச்சைமிளகாய், சாறு பிழியப் பாதியாய் வெட்டின தேசிக்காய், உப்பு. ரின் இன்னும் பைக்குள்.

“டேய், தலையை எனக்குத் தா” என்று சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து ஏரிக்காரர் நாயோடு வந்து நின்றார். மீனைப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார். கத்தி, வெங்காயம், மிளகாய், தேசிக்காய் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தார். நான் வாய் திறக்குமுன் அண்ணை முந்திக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வந்துவிட்டால் கேட்காமல் இருக்க அவரால் ஏலாது. எழும்பி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், “வாங்கோ, நீங்களும் எங்களோட சாப்பிடுங்கோ, நிறைய இருக்கு” என்றார்.

ஏரிக்காரரின் முகம் தேசிக்காய் நிறத்துக்கு வந்தது.

“இது மருந்து, காயத்துக்கு” என்றேன்.

“என் மனைவி இதைக் கோழிக்குத்தான் போடுவாள்” என்றார் அவர்.

மீனைச் சாட்சிக்குப் படம் எடுத்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்க அதைத் தண்ணீரில் விட்டேன். வாலை ஒருமுறை அடித்துவிட்டுப் போய்விட்டது. அவர் என் அட்டையை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்து, சங்கம் முடிவு சொல்லும் என்றார்.

வான் குட்மேய்ஸுக்குக் கிட்ட வந்துவிட்டது. கடைசியில் அண்ணை, “நான் சாப்பிடக் கூப்பிட்டது பிழையோ?” என்றார். நான் கியரை மாற்றினேன். அவர் அன்று சம்பலைத் தொடவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும்.

அடுத்த ஞாயிறுகளில் அந்தப் பெரிய நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடந்தேன். வள்ளம் வலிப்பவர்கள், நாய்களோடு ஓடுபவர்கள், ஐஸ்கிறீம் வான். நல்ல இடம்தான். ஆனால் நடக்க எனக்கு யாரும் பழக்கித் தரத் தேவையில்லை. இருப்பதைத்தான் அப்போது பழகிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கிழமை போனில் பர்மிங்காமில் வேலை தேடி, ஒன்றுக்குப் பெயரும் கொடுத்தேன். கால் பழையபடி கிளம்பிவிட்டது என்று தெரிந்தது.

அந்தக் கிழமை ஏரிக்காரர் போன் எடுத்து வரச் சொன்னார். அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனேன். சாப்பாட்டுப் பையை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தேன்.

அவர் தன் போனில் இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்று அவர் அன்று எடுத்தது. மற்றது இன்னொரு உறுப்பினர் பிடித்த மீன். முதுகுச் செதில் வரிசை அச்சொட்டாக அதே. உதடு ஆறியிருந்தது.

“அது எப்படியும் ஆறியிருக்கும்” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். “ஆனால் ஒரே மீன்தானா என்று பார்க்கப் பழைய படத்தைப் பெரிதாக்கினேன். மஞ்சள் உதட்டில் மட்டும்தான் இருக்கிறது. உடம்பில் ஒரு பொட்டுக்கூட இல்லை.”

நான் தலையாட்டினேன்.

“சமைக்கிறவன் உதட்டுக்கு மட்டும் மசாலா போடமாட்டான்.”

அண்ணைக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். “இதை நான் அண்டைக்கே சொல்லியிருப்பன், என்னை ஆர் கேட்டவை?” என்றார்.

அட்டை திரும்பக் கிடைத்தது. கூடவே மீன் காயத்துக்குப் போடும் ஒரு நீல மருந்துப் போத்தலும் தந்தார். கோடை முடிய நிரந்தர அட்டையும் வந்தது. பர்மிங்காம்காரர்கள் திரும்பப் போன் எடுத்தபோது வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மஞ்சள் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. என் விரலுக்கு மட்டும்.

வாசல் பலகையின் அடியில் இப்போது புதுப் பெயின்றில் ஒரு வரி இருக்கிறது. மீனில் சமையல் பொருட்கள் எதையும் பூசக்கூடாது. உள்ளே போகும் ஒவ்வொரு ஞாயிறும் அண்ணை அதன்முன் நின்று எழுத்துக்கூட்டி வாசிப்பார்.

“எத்தனையோ பேர் இந்த நாட்டுக்கு வந்து படிச்சு டொக்டர், லோயர் எண்டு வந்திட்டாங்கள். ஆனா உனக்கெண்டு தனியா ஒரு சட்டம் போட்டிருக்கிறாங்கள், பார்.”

பிறகு கதிரையை விரித்து, சாப்பாட்டுப் பையைத் திறப்பார். ஏரிக்காரர் அந்தப் பக்கம் வந்தால் நாயை முன்னால் விட்டுவிட்டு, இன்று என்ன சாப்பாடு என்று எட்டிப் பார்ப்பார்.