ஹெல்மெட்டோடு கண்ணாடிக் கடைக்குப் போன சனிக்கிழமை

ஜூலைக் கடைசியில் மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமில் நடக்கும் அன்னம்மாள் திருவிழாவுக்கு நானும் என் மனைவி ஜெசிந்தாவும் மோட்டார் சைக்கிளிலேயே போவதாக ஏற்பாடு. ஒரு வழிக்கு ஏறக்குறைய எழுநூறு கிலோமீட்டர். அதைப் பற்றித்தான் எழுத நினைத்திருந்தேன். அதற்குள் சிங்கப்பூருக்குள்ளேயே இன்னொரு பயணம் போக வேண்டியதாகிவிட்டது. பவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுபவர்கள் முழுதாகப் படித்துவிடுங்கள்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஜூன் மாதம் ஒரு ஞாயிறு மாலை ஐந்தரை மணி. பொங்கோலில் மச்சினி வீட்டிலிருந்து சிலேத்தார் விரைவுச்சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் போன லாரியின் பிரேக் விளக்கு எரிந்ததை நான் மிகத் தாமதமாகத்தான் பார்த்தேன். வண்டி நின்றபோது லாரிக்கும் எனக்கும் நடுவே ஒரு கை நீளம்கூட இல்லை. ஜெசிந்தாவின் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் ‘டக்’கென்று மோதியது. "என்னங்க ஆச்சு?" என்றாள். "லாரிக்காரன் திடீர்னு பிரேக் போட்டுட்டான் லா" என்றேன். அது பொய். அந்தச் சிவப்பு எனக்குக் கலங்கிய சாயமாகத்தான் தெரிந்தது.

எனக்கு வயது நாற்பத்தேழு. ஒரு மாதத்துக்கு முன்புதான் புதுக் கண்ணாடி வாங்கியிருந்தேன். மேல்பாதியில் தூரம், கீழ்ப்பாதியில் புத்தகம் என்று ஒரே கண்ணாடியில் இரண்டும் தெரியும் வகை. புதுக் கண்ணாடியிலேயே தெரியவில்லை என்றால் கோளாறு கண்ணில்தானே இருக்க வேண்டும்? அந்த வாரம் முழுக்க வேலைக்குப் பேருந்தில் போனேன். வண்டி சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று வீட்டில் இன்னொரு பொய். வண்டியோ இரண்டு அடுக்குமாடி புளோக் தள்ளி, வேறொரு கார் நிறுத்துமிடத்தில் உறை போர்த்தி நின்றது.

சனிக்கிழமை காலை 9.40க்குக் கண்ணாடி வாங்கிய கடைக்குக் கிளம்பினேன். ஹெல்மெட்டையும் எடுத்துப் போ என்று கூட வேலை செய்பவர் சொல்லியிருந்தார். எங்கள் வீடு இருக்கும் புக்கிட் பாஞ்சாங்கில் டவுன்டவுன் லைன் ரயில் ஏறினால் மாறாமலே பிடோக் நார்த் வரை போகலாம், ஒரு மணி நேரம். மடியில் முழு ஹெல்மெட்டோடு ஒரு ஆள் ரயிலில் உட்கார்ந்திருந்தால் எல்லாரும் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். எதிரில் இருந்த சீன அம்மா, "பைக் வேர்?" என்று பைக் எங்கே என்பதை ஆங்கிலத்தில் கேட்டே விட்டார். சிரித்து வைத்தேன். சுரங்கத்துக்குள் ஒவ்வொரு விளம்பரத்தையும் இடது கண்ணை மூடி, வலது கண்ணை மூடி, படித்துக்கொண்டே போனேன்.

பிடோக்கில் கண்ணாடி வாங்கிய கடையில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சின்ன எழுத்து அட்டையைக் கொடுத்தார்கள், படித்தேன். சுவரில் இருந்த எழுத்தையும் படித்தேன். பழக இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். கையில் ஹெல்மெட் இருந்தும், நான் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனா என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பழகுவதற்குள் இன்னொரு லாரி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் பயம்.

திரும்பும் வழியில், வேறொரு கடையிலும் காட்டிவிடலாம் என்று 12.15க்கு லிட்டில் இந்தியாவில் இறங்கினேன். சனிக்கிழமை மதியக் கூட்டம். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், நகைக்கடைக்குப் பக்கத்தில் சின்னக் கண்ணாடிக் கடை. நடத்துபவர் கலா, நாற்பது வயதிருக்கும், கண் பரிசோதகர். என் கையில் இருந்ததைப் பார்த்ததுமே, "ரைடரா அண்ணே? உக்காருங்க" என்றார்.

பரிசோதனைக்கு 30 சிங்கப்பூர் வெள்ளி. இடது கண்ணை வெகுநேரம் பார்த்தார். பொறுக்காமல் நானே கேட்டேன்.

"ஏதும் இருக்குங்களா? வண்டிய விட்டுடணும்னா சொல்லிடுங்க."

"கண்ணு ஓகேதான் அண்ணே. ஹெல்மெட்ட போடுங்க."

கடைக்குள்ளேயா என்று கேட்டதற்கு, ஆமாம் என்றார். கண்ணாடியோடு ஹெல்மெட்டை இழுத்து மாட்டினேன். "எப்பவுமே இப்படித்தான் போடுவீங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். முதலில் ஹெல்மெட், அப்புறம்தான் முகப்புத் திறப்பு வழியாகக் கண்ணாடியை உள்ளே நுழைக்க வேண்டுமாம். இத்தனை வருடத்தில் எனக்கு இது தெரியாது. பிறகு ஒரு முக்காலியில் வண்டியில் உட்காருவதுபோல் உட்காரவைத்து, கைகளை முன்னால் நீட்டச் சொன்னார். நான் நேராகப் பார்க்கும் இடத்தில் கண்ணாடி மேலேயே பேனாவால் புள்ளி வைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு புள்ளி. தாலிக்கொடி வாங்க வந்து பக்கத்துக் கடை வாசலில் நின்ற குடும்பம் ஒன்று இந்தக் கூத்தை வேடிக்கை பார்த்தது.

இரண்டு புள்ளிக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர்.

"பாருங்க, ஹெல்மெட்டோட கன்னத்துப் பஞ்சு கண்ணாடிய மேல தூக்கிடுது. படிக்கிற பவர் கண்ணுக்கு நேரா வந்துடுச்சு. நீங்க ரோட்ட பேப்பர் படிக்கிற மாதிரி பாத்துக்கிட்டு ஓட்டியிருக்கீங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெயிலில் கண் கூசுகிறது என்று சமாளித்தேன். கடைக்குள் எங்கே வெயில்!

வண்டிக்கென்று தனியாக, தூரப் பார்வை மட்டும் உள்ள கண்ணாடி போதும் என்றார். மீட்டர் எண் கொஞ்சம் மங்குமே என்று கேட்டேன். "மீட்டர் தெரியணுமா, லாரி தெரியணுமா அண்ணே?" என்றார். சட்டமும் கண்ணாடியும் சேர்த்து 148 வெள்ளி, ஐந்து நாளில் கிடைத்தது.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். காதுக் கம்பி மெல்லியதாகவும் நேராகவும் இருக்கட்டும், வளைந்த கம்பி ஹெல்மெட்டுக்குள் போகாது. வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடிக்கு அதிகம் கொடுக்காதீர்கள், ஹெல்மெட்டின் முன்மறைப்புக்குப் பின்னால் அது சரியாகக் கறுப்பதில்லை. கண் கூச்சம் தடுக்கும் போலரைஸ்டு வகையைப் போட்டால் சில கோணங்களில் கைப்பேசியின் வரைபடம் கறுத்துப்போகும். உங்கள் சொந்த ஹெல்மெட்டைக் கொண்டுபோங்கள், யார் சிரித்தாலும் கடைக்குள் மாட்டிப் பாருங்கள். வாங்கியதும் முதலில் தனியாக ஓட்டுங்கள். நான் ஞாயிறு காலை ஏழேகாலுக்குக் கிராஞ்சி வரை போய்வந்தேன். முன்னால் போன ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் வாய்விட்டுப் படித்தேன்.

இன்னொன்றும் உண்டு, அதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். உங்கள் பின்னால் உட்காருபவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கிராஞ்சியிலிருந்து திரும்பியதும் கோப்பிக் கடையில் ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, பேருந்து, உறை போர்த்திய வண்டி, எதையும் விடவில்லை. அவள் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"அந்த லைட்ட நான் பின்னாலேருந்து பாத்துட்டேங்க. எப்ப பிரேக் போடுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னுதான்."

கைப்பேசியை என் பக்கம் திருப்பினாள். திருவிழா ஊருக்குப் பக்கத்திலுள்ள பட்டர்வொர்த் போகும் பேருந்துக்கு ஒரே ஒரு டிக்கெட், அவள் பெயரில். லாரிச் சம்பவம் நடந்து மூன்றாம் நாளே எடுத்திருக்கிறாள்.

"கண்ணு தெரியலன்னா பரவால்லங்க, கூட்டிட்டுப் போய்க் காட்டிருப்பேன். தெரியலன்னு சொல்லலயே, அதுக்குத்தான் பயந்துட்டேன்."

திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கண்ணாடி நன்றாகத் தெரிகிறது. ஜெசிந்தா அந்த டிக்கெட்டை இன்னும் ரத்து செய்யவில்லை. நானும் கேட்கவில்லை.