தமிழ்ப் பேரு மேல போட்ட பழி

சிங்கப்பூர்த் தேக்காவுல கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை ஒண்ணுக்கு நான்தான் வெப்சைட் பார்த்துக்கறேன். வாடிக்கையாளர்கள் பத்திரிகை டிசைனை அதுலேர்ந்து இறக்கிப் பார்த்து, சரின்னு சொன்னாத்தான் அச்சுக்குப் போகும். ஒவ்வொரு ஜிப் ஃபைலுக்கும் பொண்ணு, பையன் பேரைத் தமிழ்லயே வெச்சிருந்தேன். சும்மா கிடைக்கலை அது, கடைக்கார அண்ணன்கிட்ட மல்லுக்கட்டி வாங்கினது.

ஒரு திங்கக்கிழமை காலையில அண்ணன் போன் பண்ணினார். "என்னம்மா இது, யார் இறக்கினாலும் ஃபைல் கெட்டுப்போயிருக்காம். ஆளாளுக்குத் திட்டுறாங்க."

நான் போய்ச் சேரறதுக்குள்ள அவர் பொண்ணைக் கட்டின மாப்பிள்ளை வந்து உட்கார்ந்திருந்தார். தஞ்சோங் பகார்ல ஆபீஸ், கம்ப்யூட்டர் வேலை. தீர்ப்பே சொல்லி முடிச்சிட்டார். "தமிழ்ல ஃபைல் நேம் வெச்சா இப்படித்தான் லா, அக்கா. எல்லாத்தையும் இங்கிலீஷ்ல மாத்திடுங்க. சிம்பிள்."

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. போன வாரம் வரைக்கும் இதே பேரோட இறங்கிட்டுத்தானே இருந்துச்சு? ஆனா கடையில எல்லாரையும் அதட்டற அண்ணனுக்கு மாப்பிள்ளைன்னா மறுபேச்சே கிடையாது. "சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா மாத்திடும்மா"ன்னுட்டார்.

மாத்துறதாவது! பார்த்துடலாம்னு லேப்டாப்பைத் திறந்தேன்.

சர்வர்ல இருக்கற ஃபைலை நேரா எடுத்துத் திறந்தேன், ஜம்முனு திறந்துச்சு. அதையே சைட் வழியா இறக்கினா கெட்டுப்போகுது. இங்கிலீஷ் பேர்ல ஒண்ணு ஏத்தி இறக்கினேன். அதுவும் கெட்டுப்போச்சு. "பாருங்க தம்பி"ன்னேன். "அப்போ சைட்டே தமிழ்ல இருக்கறதுதான் பிராப்ளம்"னார். அடேங்கப்பா!

கெட்டுப்போன ஃபைலை நோட்பேட்ல திறந்தேன். ஜிப் ஃபைல்னா 'பி', 'கே'ன்னு ரெண்டு இங்கிலீஷ் எழுத்துலதான் ஆரம்பிக்கணும். அதுக்கும் முன்னால, தனியா, ஒரு 'உ'.

பிள்ளையார் சுழி!

தலையில அடிச்சுக்கிட்டேன். சைட்டோட மேல் மூலையிலயும் குட்டியா அதே உ இருந்துச்சு. நானும் பார்த்தேன், வர்றவங்க எல்லாரும் பார்த்திருப்பாங்க. பத்திரிகைக் கடையாச்சே, உ இல்லாம எப்படின்னு ஒருத்தருக்கும் சந்தேகம் வரலை.

போன சனிக்கிழமை கடை போன் நம்பர் மாறினப்போ, செட்டிங்ஸ் ஃபைல்ல நானே திருத்திக்கறேன்னு அண்ணன்தான் கேட்டு வாங்கினார். எதை எழுதினாலும் மேல சுழி போடாம அவருக்குக் கை நகராது. கோழி வாங்கச் சொல்ற சீட்டுல கூடப் போடுவார். சைட் எதை அனுப்பினாலும் முதல்ல அந்த ஃபைலைத்தான் படிக்கும். கட்டளைக்கு வெளியே என்ன கிடந்தாலும், அதையும் முன்னால ஒட்டி அனுப்பிடும்.

சொன்னதும் மாப்பிள்ளை சிரிச்சார். "கடைசியில தமிழ் எழுத்துதானே அக்கா பிராப்ளம்?"

அண்ணன் முகம் செத்துப்போச்சு. "எடுத்துடும்மா. நான் போட்டதுதான் தப்பு. பேரையும் இங்கிலீஷ்லயே வெச்சிடு."

ஆயிரம் கல்யாணத்துக்குச் சுழி போட்ட மனுஷன், தப்பு செஞ்ச பிள்ளை மாதிரி நிக்கறாரே!

"எடுக்கறேன்"னு உ-வை அழிச்சேன். அதே இடத்துல இங்கிலீஷ் ஏ ஒண்ணு தட்டினேன். "தம்பி, இப்போ நீங்களே இறக்குங்க."

இறக்கினார். கெட்டுப்போயிருந்துச்சு.

"இது எந்த ஊரு எழுத்து லா, தம்பி? தமிழா?"

அவர் போனை எடுத்து நோண்ட ஆரம்பிச்சார். நான் ஏ-வைத் தூக்கிட்டு, சர்வர் படிக்காம தாண்டிப் போற குறிப்பு வரின்னு ஒண்ணு இருக்கு, அதுல உ-வைத் திரும்ப வெச்சேன். அந்த ஃபைல்ல அதுக்கும் இடம் இருக்கு. எதுக்கு விரட்டணும்?

"இப்போ நீங்க இறக்குங்கண்ணே."

அண்ணன் அழுத்தினார். ஃபைல் திறந்துச்சு. பொண்ணு பேரும் பையன் பேரும் தமிழ்ல, ஒரு புள்ளி குறையாம.

"பேரை மாத்தணுமா? சொல்லுங்க."

"இல்ல மாமா, சேஃப்டிக்கு இங்கிலீஷ்ல வெச்சுட்டா..."ன்னு மாப்பிள்ளை ஆரம்பிச்சார்.

"நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை"ன்னார் அண்ணன். "இது என் கடை."