பீரங்கிச் சத்தம் பழக்கப் போன காலை

மைசூரில் தசராவுக்கு முன்னால் யானைகளுக்கு வெடிச்சத்தம் பழக்குவார்கள். காட்டிலிருந்து வந்த யானைகளை அரண்மனைக்குப் பக்கத்து மைதானத்தில் நிறுத்தி, எதிரே பீரங்கியை வெடிப்பார்கள். ஊர்வல நாளில் அவை மிரளக் கூடாது.

அந்தச் சத்தத்துக்கு மிரளும் ஒருவர் எங்கள் வீட்டிலும் இருந்தார். அப்பாவின் அப்பா. அப்பாரு என்போம். அவருக்கு யாரும் எதையும் பழக்கவில்லை. விஜயதசமிக்கு முந்தின நாளே பஸ் ஏற்றி, கோபிநத்தத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

பர்மா சண்டைக்குப் போய் வந்தவர் என்பது மட்டும்தான் வீட்டில் தெரியும். பட்டாளத்தில் என்ன வேலை என்று கேட்டால் எழுந்து போய்விடுவார். ஒருமுறை தெருவில் லாரி டயர் வெடித்தபோது சித்தியைப் பிடித்துக் கீழே இழுத்ததில் வளையல் உடைந்து ரத்தம் வந்தது.

"இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா பைத்தியக்கார ஆஸ்பத்திரில உட்டுற வேண்டியதுதானுங்கண்ணா," என்றார் சித்தப்பா.

அன்றிலிருந்து எனக்கு அதே பயம். மூன்றாம் வகுப்பில் இருந்தேன். யானையே பழகிக்கொள்ளும்போது அப்பாரு பழகமாட்டாரா என்று தோன்றியது. பழகிவிட்டால் ஆஸ்பத்திரி இல்லை. வெடிப்பழக்கம் எந்த நாள் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டு வைத்துக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் ஊர்வல நாளை மட்டும்தான் நினைவில் வைத்திருந்தார்கள். அன்று காலை, யானை பார்க்கலாம் என்று சொல்லி அப்பாரை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன்.

"வெடி வெடிப்பாங்களாடா?" என்று வழியில் இரண்டு தடவை கேட்டார்.

"இல்லீங்க அப்பாரு. யானைக்கு வெல்லம் குடுப்பாங்க, அவ்வளவுதான்."

"பொய் சொல்றப்ப உங்கப்பனாட்டமே மூக்கச் சொறியறே," என்று சிரித்தார். ஆனாலும் வந்தார்.

முதல் வெடிக்கு ஒரு யானை காதை விரித்தது. அப்பாரின் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். அதற்குள் தரையில் கிடந்தேன். அவர் உடம்பு முழுக்க என்மேல். வாயைப் பொத்திய கையில் பீடி நாற்றம். மூச்சு முட்டியது.

"கத்தாத சாமி, கத்தாத," என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"ஆனெகே பய இல்லா, அஜ்ஜனிகே பய!" என்றான் ஒருவன். யானைக்கே பயமில்லை, கிழவனுக்குப் பயமாம். கூட்டம் சிரித்தது. நாலு பேர் சேர்ந்துதான் அவரைத் தூக்க முடிந்தது.

என் உதடு கிழிந்திருந்தது. "அப்பாரு அடிச்சாராடா?" என்று வீட்டில் கேட்டார் அப்பா. நான்தான் கூட்டிப்போனேன் என்று தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அடுத்த வாரம் அவரை ஆஸ்பத்திரியில் விட்டார்கள். அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அப்பாரின் பட்டாள நம்பர் யாருக்கும் தெரியாது. பேரையும் ஊரையும் மட்டும் வைத்து என் மகள் பட்டாள ஆபீஸுக்கு மூன்று தடவை எழுதிப் போட்டாள். போன மாதம் ஒரு காகிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததை அவள்தான் படித்துச் சொன்னாள். கோவேறு கழுதைகளை நடத்திப்போகிற வேலை. குண்டு விழுந்து மண்ணுக்குள் புதைந்தவரைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பிறகு, வேலைக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"நீங்க அவரப் பாத்திருக்கீங்களாப்பா?" என்றாள்.

"சின்ன வயசும்மா. ஞாபகமில்ல," என்றேன்.

அவள் போன பிறகு அந்த மைதானத்தை மனதில் கொண்டுவந்து பார்த்தேன். அந்தப் பக்கம் பீரங்கி. இந்தப் பக்கம் நான். நடுவில் அவர் முதுகு. அன்றைக்கு எனக்கு வாயைப் பொத்திய கை மட்டும்தான் தெரிந்தது.