டெலிவரி பார்த்து வாங்கிய மெஷின்

போன மாதம் மருமகளோடு ஒரு கடைக்குப் போயிருந்தேன். தூசி உறிஞ்சும் மெஷின் வாங்க வேண்டுமாம். விற்கிற பெண் கீழே காகிதத் துணுக்குகளைக் கொட்டி ஒவ்வொரு மெஷினாக ஓட்டிக் காட்ட, மருமகள் முன்பக்கம் நின்று ரசித்துக்கொண்டிருந்தாள். நான் என்பாட்டுக்குப் பின்பக்கம் போய்க் குனிந்து, காற்று வெளியேறும் இடத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். கடையே திரும்பி என்னைப் பார்த்தது. மருமகள் மெதுவாக முழங்கையைப் பிடித்து நிமிர்த்திவிட்டாள். வயசானவங்க, கண்டுக்காதீங்க என்று அந்தப் பெண்ணிடம் கண்ணாலேயே சொல்லியிருப்பாள். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதிலேயே நான் இப்படித்தான்.

எண்பதுகளில் நானும் என் வீட்டுக்காரரும் தருமபுரியில் கார்ப்பெட் சுத்தம் செய்யும் தொழில் பண்ணினோம். சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அப்போது ஊரில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், இப்போது நீங்கள் சிரிப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. அவர் பெயர் சூசை. ஒரு பந்தல் கடையில் கார்ப்பெட் விரிக்கிற வேலையில் இருந்தார். விரிக்க ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், சுத்தம் செய்ய ஒருவர்கூட இல்லை என்று ஒருநாள் கண்டுபிடித்து, வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நின்றார். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டாரா என்றால் அதெல்லாம் இல்லை. மூன்று நாள் நான் பேசவில்லை. நாலாம் நாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் கூடவே கிளம்பிவிட்டேன்.

இன்றைக்கும் பழைய டீத்தூள் வாசனை வந்தால் எனக்குக் கார்ப்பெட் ஞாபகம்தான். டீக்கடைகளில் வடிகட்டிக் கொட்டும் தூளைக் கேட்டு வாங்கி, ஈரத்தோடு கார்ப்பெட் மேல் தூவி, தென்னம் விளக்குமாறால் கூட்டி எடுப்போம். தூசி எழும்பாமல் தூளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மாதா கோயிலின் நடுப்பாதையில் விரிக்கும் சிவப்பு கார்ப்பெட்டை இப்படித்தான் திருவிழாவுக்குத் திருவிழா சுத்தம் செய்தோம். பூசைக்கு வந்தவர்களுக்கு டீ குடிக்கும் ஆசை வந்ததென்றால் அதற்கு நாங்கள்தான் காரணம். ரொம்ப அழுக்கென்றால் வெளியே தூக்கிக்கொண்டு போய் மூங்கில் கட்டித் தொங்கப்போட்டு, ஆளுக்கொரு பக்கம் தடியால் அடிப்போம். கார்ப்பெட்டிலிருந்து ஊக்கு, கொண்டை ஊசி, பாக்கு, ஒரு தடவை ஒரு கிழவரின் பல்செட் என்று என்னென்னவோ விழும். எங்களுக்குள் சண்டை வந்த நாட்களில் அடி நன்றாக விழும், கார்ப்பெட்டும் நன்றாகச் சுத்தமாகும்.

தொழில் ஓடியது என்று சொல்ல முடியாது, நடந்தது. இதற்கிடையில் என் அப்பா. ஏரியூரில் நிலமும் கிணறுமாக இருந்தவர். அம்மா போய்ச் சேர்ந்து வருஷமாகியிருந்தது, நான் ஒரே மகள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி ஒரு பை கடலைக்காயோடு வந்து உட்கார்ந்துகொள்வார். "பேசாம ரெண்டு பேரும் அங்க வந்துருங்க மாப்ள. அவ்ளோ பெரிய வூட்ல நானு ஒருத்தன் என்னா பண்றன்," என்பார். சூசை குனிந்து கடலை உரித்துக்கொண்டிருப்பார். வீட்டோடு மாப்பிள்ளை என்ற பட்டத்தை ஏரியூரில் எப்படி இழுத்து இழுத்துச் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். எனக்கோ வேறு பயம். அப்பா என்றால் எனக்கு உயிர்தான். ஆனால் அவர் வீட்டில் நான் தலைக்கு எந்த எண்ணெய் வைக்க வேண்டும் என்பதைக்கூட அவர்தான் முடிவு செய்வார். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். ஈஸ்டருக்குள் தொழில் நிலைக்கவில்லை என்றால் ஏரியூருக்கு வந்துவிடுகிறோம் என்று சூசை வாக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபம் ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். மேடை முழுக்க, மணமக்கள் அறை முழுக்க, பசை போட்டுத் தரையோடு ஒட்டிய கார்ப்பெட். பிரித்தெடுத்து அடிக்கவும் முடியாது, ஈரத்தூள் போட்டால் பசை விட்டுவிடும். மண்டபத்து முதலாளி நேராகச் சொல்லிவிட்டார். "மிசினோட வந்தீங்கன்னா வருசம் பூரா வேல உங்களுக்குதாங்க. இல்லன்னா சேலத்து ஆளுங்கள வரச் சொல்லிருவன்." எங்களிடம் இருந்தது இரண்டு தடிகள்.

மெஷின் வாங்கப் பெங்களூருக்குத்தான் போக வேண்டும். அப்பா காதுக்கு விஷயம் எட்டியதும், தானும் வருவேன் என்று நின்றார். "மாப்ளைக்கு மோட்டாரப் பத்தி என்னா தெரியும்? ஏரியூர் சுத்துவட்டாரத்துல யாரு கெணத்துக்கு மோட்டார் எடுத்தாலும் என்னக் கூட்டிக்கிட்டுதான் போவாங்க." இது பொய்யில்லை. அவர் எடுத்துக் கொடுத்த மோட்டார்கள் எல்லாம் வருஷக்கணக்கில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன. தவிர, அவருக்குக் கொஞ்சம் கன்னடம் வரும். சூசை என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். மூன்று பேருமாகக் காலை ரயில் பிடித்தோம்.

பெங்களூர்க் கடையில் மெஷின்கள் வரிசையாக இருந்தன. கடைக்காரர் கண்ணாடி போட்ட சாது மனிதர். மண்டபத்துக் கார்ப்பெட் என்றதும், உருண்டையாக, அடக்கமாக இருந்த ஒன்றைக் காட்டினார். உள்ளே இரண்டு மூன்று அடுக்காகப் பை இருந்தது, சத்தமும் அதிகமில்லை. கார்ப்பெட்டுக்கு இதுதான் என்றார். சூசைக்குப் பிடித்துவிட்டது. அப்பா அதன் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்னால் போய்க் குத்த வைத்து உட்கார்ந்து, காற்று வருகிற ஓட்டையில் கன்னத்தை வைத்தார். எழுந்து வந்து, "டெலிவரி இல்ல," என்றார்.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டுமானால் எங்கள் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்திருக்க வேண்டும். மோட்டாருக்கு இரண்டு குழாய். கிணற்றுக்குள் இறங்கி உறிஞ்சுவது சக்சன், மேலே தண்ணீரைக் கொட்டுவது டெலிவரி. சக்சன் எப்படி இருக்கிறது என்று யாரும் கிணற்றில் இறங்கிப் பார்ப்பதில்லை. டெலிவரிக் குழாயிலிருந்து தண்ணீர் எவ்வளவு தூரம் எகிறி விழுகிறது என்று பார்த்துத்தான் மோட்டாருக்கு மதிப்பு. அப்பா ஆயுசு முழுக்க அப்படிப் பார்த்தவர். அன்றைக்கும் அப்படியே ஒவ்வொரு மெஷினின் பின்னாலும் குத்த வைத்துக்கொண்டு போனார். கடைசி மூலையில், தகர டிரம் போல நின்ற ஒன்றை ஓட்டச் சொன்னார். அவர் தோளில் கிடந்த துண்டு பறந்து போய்க் கடைக்காரரின் மேசையில் விழுந்தது. அப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கடைக்காரர் பதறிப்போய், "பேடா, பேடா," என்று கையை ஆட்டினார். வேண்டாமாம். அது மர அறுவை மில்லில் மரத்தூள் அள்ளுகிற மெஷினாம், ஒற்றைத் துணிப் பைதானாம், கார்ப்பெட்டுக்கு ஆகாதாம். பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் பாவம் எவ்வளவோ சொன்னார். அப்பா எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "சந்தையில ஒரு மாட்ட மட்டும் விக்கமாட்டேங்கறான்னா அதுதான் நல்ல மாடு. வேற யாருக்கோ வெச்சிருக்கறான்," என்றார். சூசை தயங்கினார். அப்பாவைப் போல நானும் குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல காற்று. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கும் தோன்றிவிட்டது.

ரயிலில் அதற்கும் ஒரு இடம் போட்டு உட்காரவைத்துக் கூட்டிவந்தோம். எதிரே இருந்தவர் பால் கறக்கிற மெஷினா என்று கேட்டார். அப்பா இல்லையென்று சொல்லவில்லை, அவ்வளவு பெருமை.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் மத்தியானம் மண்டபத்துக்குப் போனோம். கடத்தூர்க்காரர்கள் கல்யாணம், சாயந்திரம் வரவேற்பு. மேடை ஜோடித்துத் தயாராக இருந்தது. பின்னால் வெள்ளைத் துணி, அதில் தெர்மாகோலில் வெட்டிய பெயர்கள், முன்னால் ராஜா ராணி நாற்காலிகள். கார்ப்பெட் மட்டும் மண் நிறத்தில் கிடந்தது. சூசை சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். ஆனால் என்ன வேகம் என்கிறீர்கள். குழாய் போன பாதையெல்லாம் கார்ப்பெட் பச்சையாகிக்கொண்டே வந்தது. அது பச்சைக் கார்ப்பெட் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். நாங்கள் மூன்று பேரும் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முடித்துவிட்டு நிமிர்ந்தால் மேடையைக் காணோம். எங்கள் பக்கத்துச் செம்மண் மரத்தூள் மாதிரி இல்லை, பவுடராக இருக்கும். அந்த ஒற்றைத் துணிப் பைக்குள் போன வேகத்தில் அவ்வளவும் வெளியே வந்து மண்டபத்தை நிரப்பியிருந்தது. வெள்ளைத் துணி காவித் துணியாகியிருந்தது. மாப்பிள்ளை பெயரில் பாதி மறைந்துவிட்டது. ராஜா நாற்காலியில் விரலால் கோடு போடலாம். கார்ப்பெட் மட்டும் பளிச்சென்று பச்சையாக இருந்தது. சூசையின் புருவம் மீசை எல்லாம் சிவப்பு. அப்பா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "டெலிவரி நல்லாதான் இருக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. ஏரியூர் வீடும், தலைக்கு விளக்கெண்ணெயும், சூசையின் தொங்கிய முகமும் வரிசையாகக் கண்ணில் வந்து நின்றன. "எல்லாம் உங்களாலதான் அப்பா. அந்த ஆளு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு," என்று சத்தம் போட்டேன். அப்பாவை நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார் என்றே நினைத்தேன். நானும் சூசையும் தெர்மாகோலை ஊத ஆரம்பித்தோம்.

கொஞ்ச நேரத்தில் தோளில் ஒரு சுருள் பிளாஸ்டிக் ஹோஸோடு வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பம்புசெட் கடையில் வாங்கியது. கையில் கிழித்த சைக்கிள் டியூப். "அழுவாத பாப்பா. தண்ணி வரப்பு மேல ஏறுதுன்னா மோட்டார் மேலயா குத்தம்? வாய்க்காலத் திருப்பி உடணும்," என்றார். துணிப் பையைக் கழற்றிவிட்டு, டெலிவரி வாயில் ஹோஸைச் செருகி, டியூப்பால் இறுக்கிக் கட்டி, மறுமுனையை ஜன்னல் வழியாக வெளியே விட்டார். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற அதே கட்டு. சூசை மறுபடி சுவிட்சைப் போட்டார். துணி, நாற்காலி, மாப்பிள்ளை பெயர் என்று மேடை முழுவதும் மேலிருந்து கீழாக உறிஞ்சி எடுத்தோம். மண்டபத்துக்குள் ஒரு பொட்டுத் தூசி பறக்கவில்லை.

முதலாளி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கார்ப்பெட்டில் நடந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "கண்ணுக்கு நல்லாதான் இருக்குது. உள்ளாற இருந்த மண்ணு போயிருக்குதான்னு எப்டிங்க தெரியும்?" என்று கேட்டார். அப்போது வாட்ச்மேன் ஓடிவந்து, கார் வரைக்கும் வரச் சொல்லி முதலாளியைக் கூப்பிட்டார். ஜன்னலுக்கு நேர் கீழே நின்றிருந்த அவருடைய வெள்ளைக் கார், செங்கல் சூளையிலிருந்து எடுத்து வைத்த மாதிரி நின்றிருந்தது. போயிற்று, இனி ஏரியூர்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

முதலாளி காரைச் சுற்றி வந்தார். கண்ணாடியில் விரலை வைத்து இழுத்து, விரலைப் பார்த்தார். ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி காரைப் பார்த்தார். "இவ்ளோ மண்ணுமா என் மண்டபத்துல இருந்துச்சு?" என்றார். அவரும் கிணறு வைத்துப் பயிர் செய்த குடும்பம்தானே. சக்சனை நம்பாதவர் டெலிவரியைப் பார்த்ததும் நம்பிவிட்டார். "காரக் கழுவி உட்டுட்டுப் போங்க. நாளன்னைக்கு வந்து வருசத்துக்குப் பேசிக்கலாம்." அப்பாதான் காரைக் கழுவினார். எங்களைத் தொடவிடவில்லை.

அன்று சாயந்திரம் அவரை பஸ் ஏற்றிவிடப் போனேன். சத்தம் போட்டதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்கோ பார்த்துக்கொண்டு, "கிழக்கால ரூமுக்கு வெள்ளையடிச்சு வெச்சேன். உங்களுக்குக் காத்து வரட்டும்னு ஜன்னலு கூடப் பெருசு பண்ணிருக்கறன். செரி, அது கெடக்குது. நீங்க தொழிலப் பாருங்க," என்றார். பஸ் கிளம்பிவிட்டது. நாங்கள் வந்துவிடுவோம் என்று அறையைத் தயார் செய்து வைத்துவிட்டு, நாங்கள் வராமல் இருக்க ஹோஸ் வாங்கிக் கட்டிக் கொடுத்த மனிதர். பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன்.

அதற்கப்புறம் எங்களுக்கு நல்ல காலம்தான். எங்கே போனாலும் ஹோஸின் முனையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவைப்போம், வேலை கொடுத்தவர்கள் அதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வார்கள். பிறகு மண்டபங்களில் டைல்ஸ் வந்தது, கார்ப்பெட் போயிற்று. மெஷினை ஒரு மர மில்லுக்கே கொடுத்துவிட்டோம். அந்த மண்டபம் இருந்த இடத்தில் இப்போது கடைகள். சூசையும் இல்லை.

ஏரியூர் வீட்டைப் பிறகு விற்றுவிட்டோம். அப்பா இருந்தவரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தக் கிழக்கு அறைக்கு வெள்ளையடித்தார் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். தொழில் இருக்கிறது, வேலை இருக்கிறது என்று, அப்பாவைப் பார்க்கக் காலையில் போய்ச் சாயந்திரமே திரும்பிவிடுவோம். அந்தப் பெரிய ஜன்னலில் நல்ல காற்று வரும் என்பது, அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து அங்கே படுத்த ராத்திரிதான் எனக்குத் தெரிந்தது.