கதவக்காவின் நான்கு நிமிடம்

விமானக் கம்பெனியில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கதவக்கா என்றால்தான் தெரியும். பட்டப்பெயர் வைத்தவர்கள் ஒன்றும் பாசத்தில் வைக்கவில்லை, கேலியாகத்தான் வைத்தார்கள். இருபத்திரண்டு வருஷம் விமானப் பணிப்பெண்ணாக ஓடியவள், அதில் கடைசி ஒன்பது வருஷம் பணிப்பெண்களுக்குத் தலைமை. மற்ற விஷயங்களில் தழைந்து போவாள். கதவு என்று வந்துவிட்டால் அவளிடம் எந்தச் சாக்குப்போக்கும் செல்லாது.

கதவில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். விமானம் கிளம்புமுன் ஒவ்வொரு கதவிலும் ஒரு சின்ன லீவரைக் கீழே தள்ளி வைப்பார்கள். தள்ளி வைத்துவிட்டால், ஆபத்து நேரத்தில் கதவைத் திறந்ததும் அடியில் மடித்து வைத்திருக்கும் ஸ்லைடு, அதாவது ஆட்கள் சறுக்கி இறங்கும் பெரிய காற்றுமெத்தை, வெளியே பாய்ந்து விரியும். விமானம் வந்து நின்றதும் லீவரை மறுபடி மேலே தூக்கிவிட வேண்டும். தூக்காமல் கதவைத் திறந்தால் தீர்ந்தது கதை. ஆபத்தே இல்லாத இடத்தில் மெத்தை பாயும், எதிரில் ஆள் நின்றால் அவன் பாடு அதோகதி. அதனால்தான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். என் கதவை நான் முடித்ததும் எதிர்க்கதவை நான் வந்து பார்ப்பேன், என் கதவை நீ வந்து பார்ப்பாய். பார்த்துவிட்டு "பார்த்தாச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் கைப்பிடியில் கை வைக்கலாம்.

மற்றவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துச் சொல்வார்கள். கதவக்கா நடந்து போய், இடது கை விரலால் லீவரைத் தொட்டுவிட்டுத்தான் சொல்வாள். தொட்டுப் பார்க்காதது பார்க்காததுதான் என்பது அவள் கட்சி. வீட்டிலும் இதே கூத்துதான். கேஸ் அடுப்பின் திருகை இரண்டு தரம் தொடாமல் வாசல் தாண்ட மாட்டாள். அவள் புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்துப் பொருத்துகிறவர், நிதானமான மனுஷர். அடுப்புகிட்ட நீ பேசி முடிச்சிட்டு வா, நான் கீழ நிக்கறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடுவார்.

ஒரு காலத்தில் அந்தக் கம்பெனிக்குக் கவலையே கிடையாது. சுற்றுவட்டத்து ஏழெட்டு நாடுகளுக்கு யார் போவதானாலும் அதில்தான் ஏற வேண்டும். பிறகு மலிவு டிக்கெட் கம்பெனிகள் வந்தன. ஒன்று வந்தால் பரவாயில்லை, வரிசையாக மூன்று. குடிக்கிற தண்ணீரைக்கூட விற்கிறான், இவனெல்லாம் ஒரு போட்டியா என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். தங்கள் விமானம் பாதி காலியாகப் பறக்கத் தொடங்கியதும் சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன.

மலிவுக்காரனின் விமானம் இறங்கி இருபத்தைந்து நிமிடத்தில் மறுபடி ஏறிவிடும். இவர்களுடையது ஐம்பது நிமிடம் தரையில் கிடக்கும். மேலிடம் ஐம்பதை முப்பத்தைந்தாக்கியது. விலையில் ஜெயிக்க முடியாது, உபசரிப்பிலாவது ஜெயிப்போம் என்று இன்னொரு யோசனையும் உதித்தது. இந்தப் பக்கத்து நாடுகளின் விமானக் கம்பெனிகளை வருஷத்துக்கொரு முறை தரம் பார்த்து வரிசைப்படுத்துகிறார்கள். போன வருஷம் நான்காவது இடம், இந்த வருஷம் மூன்றாவது வந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். அதற்காகத் தலைமைப் பணிப்பெண்ணின் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார்கள். அதில் ஐந்து முகங்கள், வாய் நிறையச் சிரிப்பதில் தொடங்கி அழுவது வரை. விமானம் நின்ற ஒரு நிமிடத்துக்குள் கதவு திறக்க வேண்டும், தலைமைப் பெண் வாசலில் சிரித்தபடி நின்று டேப்லெட்டை நீட்ட வேண்டும், இறங்குகிறவர்கள் ஒரு முகத்தைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும்.

வலது கை கதவின் கைப்பிடிக்கு வேண்டும். ஆகவே டேப்லெட் இடது கைக்கு வந்தது. இந்த ஏற்பாட்டைப் போட்ட புண்ணியவான் எவனும் வாழ்நாளில் ஒரு விமானக் கதவைத் திறந்தவனில்லை. கதவக்கா முதல் வாரம் முணுமுணுத்தாள். சேவைப் பிரிவு மேலாளர் அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, நான்கு வருஷம் கூடப் பறந்தவர். அவரிடமே போய்ச் சொன்னாள். பழகிடும் என்றார் அவர். பழகித்தான் போனது, அதுதான் வினை. விரலால் தொட்டது போய், கண்ணால் பார்ப்பது வந்தது. மூன்று மாதத்தில் அதுவும் போய், காதால் கேட்டால் போதும் என்றாகிவிட்டது. ஆறு வருஷமாக அவள் காத்திருந்த பயிற்சிப் பள்ளி வேலையும் அப்போதுதான் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. அடுத்த தை முதல் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள்தான் கதவுப் பாடம் எடுக்கப் போகிறாள் என்று பேச்சு. இந்த நேரத்தில் டேப்லெட்டோடு சண்டை பிடிப்பானேன் என்று இருந்துவிட்டாள்.

அன்று காலை விமானம் பதினொரு நிமிடம் தாமதமாக இறங்கியது. தரம் பார்க்கிறவர்கள் பயணியோடு பயணியாக உட்கார்ந்திருப்பதாக ஒரு வதந்தி வேறு. அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். விமானம் நின்றதும் லீவர்களைத் தூக்கச் சொல்லி அறிவிப்பைக் கொடுத்தாள். எதிர்க்கதவில் நின்றவள் வேலைக்குச் சேர்ந்து ஐந்தே மாதமான பெண், எல்லோருக்கும் சின்னவள். அவள் தன் லீவரைத் தூக்கிவிட்டுத் திரும்பும்போது முதல் வரிசைப் பயணி ஒருவர் தன் கோட்டைக் கேட்டு நின்றார். கோட்டை எடுக்கக் கையை நீட்டியபடியே அவள் "பார்த்தாச்சுக்கா" என்றாள். இங்கே டேப்லெட் தூங்கிப்போய்க் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தது. கதவக்கா வலது கையால் அதைத் தட்டி எழுப்பினாள், முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள், அதே வலது கையால் கைப்பிடியைத் தூக்கினாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பது இருக்கட்டும், சறுக்கியது யானைக்கே தெரியவில்லை.

கதவு அவள் கையைப் பிடுங்கிக்கொண்டு தானாகப் போயிற்று. பெரிய சத்தத்தோடு சாம்பல் நிற மெத்தை வெளியே பாய்ந்தது. கீழே ஏணி வண்டியை விமானத்தோடு சேர்க்க ஜாடை காட்டிக்கொண்டு நின்ற ஏணிக்காரரின் தோளில் அடித்து, அவரைச் சிமென்ட் தரையில் உருட்டிவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. மேலே நின்ற இவள், ஐயோ, கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தாள். இரண்டு ஆட்கள் ஓடிவந்து தூக்கப் போனபோது அவர் தானாகவே உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தபிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

தோள் எலும்பில் கீறல், ஆறு வாரம் கையில் தொட்டில் கட்டு. ஓர் அடி முன்னால் நின்றிருந்தால் கழுத்து. விமானம் அன்று முழுக்கப் பறக்கவில்லை. திரும்பிப் போகக் காத்திருந்த நூற்று அறுபத்தெட்டுப் பயணிகளில் பாதிப் பேரை மலிவுக் கம்பெனிக்காரர்கள் வந்து இன்முகத்தோடு அழைத்துக்கொண்டு போனார்கள். காற்று இறங்கித் தொங்கிய மெத்தையின் படம் மத்தியானத்துக்குள் எல்லோர் போனிலும் இருந்தது.

மேலாளர் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். திட்டவில்லை. காப்பி வரவழைத்தார்.

"இத பாரு. அந்தக் கதவு லீவர் இறுக்கமா இருக்குன்னு போன மாசம் ஒரு புகார் இருக்கு. மெக்கானிக் எண்ணெய் போட்டு, சரின்னு கையெழுத்தும் போட்டிருக்கார். நீ லீவரைத் தூக்கின, அது முழுசா உட்காரலன்னு எழுது. வெள்ளிக்கிழமைக்குள்ள குடு. தரப் பட்டியல் வர இன்னும் மூணு வாரம்தான் இருக்கு."

இயந்திரக் கோளாறு என்றால் அவளும் பறக்கலாம், சின்னவளின் வேலையும் தப்பும், தையில் பயிற்சிப் பள்ளியும் உண்டு. மாற்றி எழுதினால் எதற்கும் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்றார். மெக்கானிக்குக்கு என்ன ஆகும் என்று கேட்டாள். ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான் என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவளுக்கு அது உறுத்தியது, ஆனால் உறுத்தலோடு வீட்டுக்குப் போய் எழுதத்தான் செய்தாள். இதைச் சொல்லாமல் விட்டால் அவளைத் தெய்வமாக்கிவிடுவீர்கள், அதனால் சொல்கிறேன். ஒன்றரைப் பக்கம், சுத்தமான கையெழுத்தில், லீவரைத் தூக்கியதாகவே எழுதி முடித்தாள். நடுவில் சின்னவள் போன் செய்து, பார்க்காமலே சொல்லிவிட்டேனக்கா என்று அழுதாள். வீட்டில் தன் சம்பளத்தை நம்பி அம்மாவும் தம்பியும் இருப்பதைச் சொன்னாள். பயப்படாதே, உனக்கு ஒன்றும் வராது என்று சொல்லிப் போனை வைத்தாள் கதவக்கா.

மறுநாள் ஏணிக்காரரைப் பார்க்கப் போனாள். மூன்றாம் மாடியில் இரண்டு அறை. ஒரு கையால் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல், சட்டையைத் தோளில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். அவள் பதறி உட்கார வைத்தாள். அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கோபம் துளிக்கூட இல்லை அவரிடம். அதைத்தான் இவளால் தாங்க முடியவில்லை. பேச்சுவாக்கில் அவர் சந்தேகம் ஒன்று கேட்டார்.

"லீவர்ல ஏதோ கோளாறாமே மேடம், எல்லாரும் பேசிக்கறாங்க. எந்தெந்த விமானத்துல அந்த லீவர் இருக்குன்னு சொன்னீங்கன்னா, அதுக்கு ஏணி வைக்கறப்ப நான் தள்ளி நிப்பேன். மத்ததுக்கெல்லாம் பழையபடி நிக்கலாம்ல?"

அவள் யோசித்தாள். இந்த மனுஷர் இன்னும் ஆறு வாரத்தில் திரும்பிப் போய் அதே தரையில் நிற்கப் போகிறார். பழுதில்லாத லீவரைக் கழற்றிப் புதிது மாட்டுவார்கள். உள்ளே நிற்கிறவர்கள் பார்க்காமலே பார்த்தாச்சு என்பார்கள். இவர், இந்த விமானத்தில் கோளாறு இல்லை என்று நம்பி, நேர் எதிரே நிற்பார்.

"எல்லா விமானத்துக்கும் தள்ளியே நில்லுங்க" என்றாள். "லீவர் நல்லாத்தான் இருந்தது. நான்தான் தூக்கல."

ஏணிக்காரர் சட்டையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் மனைவி கொண்டுவந்த தண்ணீரை இவள் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதை எடுத்துக் குடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதாள். பறக்காமல் நான் என்ன செய்வேன் என்று கேட்டாள். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு வேறு ஒன்றும் தெரியாது, அது அவருக்கும் தெரியும். அவர் ஆறுதலாக எதையும் சொல்லிச் சமாளிக்கவில்லை. எழுதி முடித்ததும் காட்டு, எழுத்துப்பிழை பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஊரெல்லாம் எனக்குக் கண்ணாடிக்காரன் என்று பேர், என் பெண்டாட்டிக்கு லீவர் தெரியவில்லை என்றால் கடையை மூட வேண்டியதுதான் என்றார். அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பழைய ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துவிட்டு நான்கு பக்கம் எழுதினாள். லீவரைத் தூக்கவில்லை என்று எழுதினாள். எதிர்க்கதவைப் பார்க்காமலே பார்த்தாச்சு என்ற பழக்கம் எல்லா விமானத்திலும் வந்துவிட்டது, தலைமையில் நின்ற நானும் அதற்கு இடம் கொடுத்தேன், சின்னவள் என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள் என்று எழுதினாள். டேப்லெட்டை எந்தக் கையில் பிடித்திருந்தேன் என்பதையும் விடவில்லை. மேலாளர் படித்துவிட்டு, உனக்குப் பைத்தியமா என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவரும் இரண்டு நாள் பார்த்தார். நகலை அவள் விமானப் பாதுகாப்பு அதிகாரிக்கும் அனுப்பியிருந்ததால் முடியவில்லை.

பட்டியலில் கம்பெனி ஆறாவது இடத்துக்கு இறங்கியது. சின்னவளுக்குத் தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம் நீண்டது, வேலை தப்பியது. கதவக்காவைப் பறப்பதிலிருந்து நிறுத்தினார்கள். பயிற்சிப் பள்ளி வேலை அவளைவிட எட்டு வருஷம் இளையவளுக்குப் போயிற்று. அந்தச் செய்தி வந்த அன்று அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், வெளியே கேட்கக் கூடாதென்று. ஆனால் டேப்லெட் வாசலை விட்டுப் போனது. எதிர்க்கதவுக்கு நடந்து போய், தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்கென்று ஒவ்வொரு முறையும் நான்கு நிமிடம் ஒதுக்கினார்கள்.

அவளுக்குக் கொடுத்த புது வேலை பயணிகளின் புகார்களுக்குப் பதில் எழுதுவது. ஜன்னலில்லாத அறை, ஒரு கம்ப்யூட்டர், பதினெட்டு வகைப் புகாருக்குப் பதினெட்டு அச்சுப் பதில்கள். இரண்டாவது வாரமே ஒரு கடிதம் வந்தது. விமானம் நின்றபின் நான்கு நிமிடம் கதவைத் திறக்காமல் பணிப்பெண்கள் இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தார்கள், மலிவுக் கம்பெனியில்கூட இப்படிக் காக்க வைப்பதில்லை, அடுத்த முறை அதில்தான் போவேன் என்று ஒருவர் பொரிந்து தள்ளியிருந்தார். இதற்கு ஏழாம் எண் பதில். தாமதத்துக்கு மனமார வருந்துகிறோம், இனி நேராது.

கதவக்கா அதை அனுப்பவில்லை. அந்த நான்கு நிமிடத்தில் பணிப்பெண்கள் என்ன செய்கிறார்கள், வெளியே யார் நிற்கிறார் என்று பத்து வரியில் தானே எழுதி, மேலாளரின் கையெழுத்துக்கு வைத்தாள். அவர் படித்துவிட்டு, "வருந்துகிறோம்னு ஒரு வரியாவது போடு. அது இல்லாம எந்தப் பதிலும் வெளிய போகக் கூடாது" என்று திருப்பி நீட்டினார்.

அவள் அங்கேயே நின்றபடி, கடைசியில் பேனாவால் ஒரு வரி சேர்த்தாள். 'இந்த நான்கு நிமிடத்தை இதற்கு முன்பே எடுத்துக்கொள்ளாமல் போனதற்கு மனமார வருந்துகிறோம்.'

மேலாளர் அந்த வரியை இரண்டு தரம் படித்தார். அவளை நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.